இல்லம் வீடாகும் வழி

(நெளுக்குளத்தில் எமது மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இக்கூட்டத்திலே பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தபோது, பல்கலைக்கழக மாணவர் பேசுதற்குரியன என்று கருதப்படும் பெரிய பொருள்கள் பல நினைவுக்கு வந்தன. அவற்றையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, எமது ஊரவர் நன்கறிந்த ஒரு நற்பணியைப் பற்றியே பேசத் துணிந்தோம். பிள்ளையின் பிறந்தநாள் வந்தாலும், காலஞ்சென்ற பெரியார் ஒருவரின் நினைவுநாள் வந்தாலும், வெளிநாட்டிலுள்ள உறவினர் காசு அனுப்பினாலும், சிறுவர் இல்லமொன்றுக்குச் சென்று ஒரு நேர உணவு கொடுத்தல் எம்மவரிடையே நல்வழக்கமாக நிலைத்திருக்கின்றது. சோறும் கறியும் பாயசமும் பரிமாறப்படுகின்றன. பிள்ளைகள் வரிசையாக இருந்து தேவாரம் பாடி, தாம் ஒருநாளும் கண்டிராத ஒருவரின் ஆன்மா சாந்தியடையப் பிரார்த்தித்து, உண்டு எழுகின்றனர். கொடுத்தவரும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றார்.

இது நல்ல காரியம்; இதனைக் குறைகூற நாம் எழுந்து நிற்கவில்லை. அந்த ஒரு நேரத்துக்குப் பின்வரும் மற்றை நேரங்களிலே, காய்ச்சல் கண்ட இரவிலும், பரீட்சைக்கு முதல்நாளிலும், பாடசாலையில் எவனோ கேலி செய்த மாலையிலும், அப்பிள்ளைக்கு யார் இருக்கின்றார் என்ற ஒரு கேள்வியையே உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். "அநாதை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். நாதன் இல்லாதவர் என்பதே அதன் பொருள். எல்லா உயிர்க்கும் நாதன் ஒருவன் உளன் என்று கோயிலில் நின்று கைகூப்பும் சைவ மக்களாகிய நாம், கோபுர வாயிலைக் கடந்ததும் ஒரு பிள்ளையைச் சுட்டி இவன் நாதன் அற்றவன் என்பது எங்ஙனம் பொருந்தும்? சமயநெறிக்குப் பொருந்தாத அச்சொல் உலகியலுக்கும் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இலங்கையில் இல்லங்களில் வளரும் சிறுவரிற் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கின்றார். வறுமை, மதுப்பழக்கம், நோய், மறுமணம், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனமை, பாடசாலை தூரமானமை போன்ற காரணங்களே அவர்களை இல்லத்தின் வாயிலிற் கொண்டுவந்து விட்டிருக்கின்றன.

ஆகவே எம்முன் நிற்போர் இரு வகையினர். ஒருவகையினர் பெற்றோரை இழந்தவர். மற்றவர் பெற்றோர் இருந்தும் வீட்டை இழந்தவர். முன்னவருக்கு ஒரு குடும்பத்தைத் தேடிக் கொடுத்தல் வேண்டும். பின்னவருக்கு அவரது குடும்பத்தையே நிமிர்த்திக் கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகப் பெரிய மண்டபம் ஒன்றைக் கட்டி, வரிசையாகக் கட்டில்களைப் போட்டுவிடுதல் போதாது என்பதே எமது உரையின் சாரம்.

எமது சமயக் கதைகள் இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்த்தியிருக்கின்றன. சரவணப் பொய்கையிலே தோன்றிய பிள்ளைகளுக்குப் பாலூட்டியவர் கார்த்திகைப் பெண்கள் அறுவர். உலகுக்கெல்லாம் தாயாகிய உமையம்மை பின்னர் வந்து பிள்ளைகளை ஒருசேர அணைத்தாள். ஆயினும் வளர்த்தவரின் பெயர் மறைந்துபோகவில்லை. கார்த்திகேயன் என்று இன்றும் நாம் அழைக்கும் பெயர் வளர்ப்புத் தாயரின் பெயரன்றோ! ஆற்றிலே விடப்பட்ட கர்ணனைத் தேரோட்டி அதிரதனும் அவன் மனைவி ராதையும் வளர்த்தனர். தான் குந்தியின் மகன் என்று அறிந்த பின்னரும், ராதையின் மகன் என்ற பெயரை விட்டுவிட அவன் ஒருப்படவில்லை. தினைப்புனங் காத்த வள்ளியோ, கிழங்கு அகழ்ந்த குழியிலே வேடர் தலைவன் கண்டெடுத்த குழந்தை. கண்ணனுக்கு யசோதை எத்தகைய தாய் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. இக்கதைகளிலே கைவிடப்பட்ட குழந்தையை எடுத்தவர் எவரும் அதனைக் கூட்டத்தில் ஒன்றாக வளர்க்கவில்லை. தம் வீட்டுக்குள்ளே கொண்டுசென்று, "இது எம் பிள்ளை" என்றனர்.

மிஷன் பாடசாலையிலே படித்த நாம் அங்கே கேட்ட கதை ஒன்றையும் இங்கே சொல்லுதல் தகும். எகிப்து நாட்டிலே எபிரேய ஆண்குழந்தைகளைக் கொல்லுமாறு அரசன் ஆணையிட்டபோது, ஒரு தாய் தன் மகவைப் பேழையில் வைத்து ஆற்றங்கரை நாணலிடையே விட்டாள். அரசகுமாரி அதனைக் கண்டு எடுத்தாள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் தமக்கை ஓடிவந்து, பால் கொடுக்க ஒருத்தியை அழைத்துவரட்டுமா என்று கேட்டு, பெற்ற தாயையே அழைத்துவந்தாள். அரசகுமாரியும் கூலி கொடுத்துக் குழந்தையை அவளிடமே வளர்க்க விட்டாள். அக்குழந்தையே மோசே. பிள்ளையை எடுத்த செல்வர், பெற்றவளிடமே கொடுத்து, வளர்ப்பதற்கான செலவையும் கொடுத்த இந்த ஏற்பாட்டிலே இக்காலத்துச் சமூக சேவையாளர் கற்கவேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

இது கதையளவில் நின்ற உண்மையன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடிழந்த சிறுவரின் நிலையை ஆராய்ந்த ஜோன் போல்பி என்னும் ஆங்கில மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951ஆம் ஆண்டு ஓர் அறிக்கை எழுதினார். உணவும் உடையும் மருந்தும் குறைவின்றிக் கிடைப்பினும், நிலையாக அன்பு காட்டும் ஒருவர் இல்லாத குழந்தை உள்ளத்திலே வாடும் என்று அவர் எடுத்துக்காட்டினார். ருமேனியாவின் தலைநகராகிய புக்கரெஸ்டில் 2000ஆம் ஆண்டின் பின் நடந்த ஆராய்ச்சி இதனை மேலும் தெளிவாக்கியது. அங்கே பெரிய இல்லங்களில் இருந்த 136 மழலைகளிற் பாதிப்பேருக்கு வளர்ப்புக் குடும்பங்கள் அமைத்துக் கொடுக்கப்பட்டன. குடும்பங்களுக்குச் சென்ற பிள்ளைகள் அறிவு வளர்ச்சியிலும், பிறரோடு அன்பால் ஒட்டிக்கொள்ளும் இயல்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்னர் சென்றவர்கள் அடைந்த நன்மை மிகுதி. இல்லத்துத் தாதியர் கொடியவராயிருந்தமை இதற்குக் காரணமன்று. ஒருவர் காலையில் வந்து மாலையிற் போவார். வேறொருவர் இரவுக்கு வருவார். ஒருவர் பார்க்கவேண்டிய பிள்ளைகளோ பலர். அழும் குழந்தைக்கு யாராவது ஒருவர் வருவார். ஆனால் அதே ஒருவர் வருவதில்லை.

இவ்வகையிலே எமது நாட்டவர் செய்த பணியையும் நன்றியுடன் நினைவுகூர்தல் கடன். ஆதரவற்ற பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கும் நிலையங்களைப் பெருமளவில் முதலில் அமைத்தவர் கிறிஸ்தவ மிஷனரிமார் என்பதை மறுத்தற்கில்லை. 1923ஆம் ஆண்டு தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் பாடசாலைகளோடு நில்லாது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே ஆதரவற்ற சைவப் பிள்ளைகளுக்கும் இல்லம் நடத்தியது. மட்டக்களப்பிலே இராமகிருஷ்ண மிஷன் கல்லடி உப்போடையில் சிறுவரைச் சேர்த்து வளர்த்தது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலின் வருவாயைத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்துப் பெண்பிள்ளைகளின் வாழ்வுக்குத் திருப்பியவர், 2008ஆம் ஆண்டு மறைந்த சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள். எமது வவுனியாவிலே கோவில்குளத்துச் சிவன் கோயிலைச் சார்ந்து வளர்ந்த அருளகமும், கிளிநொச்சி ஜெயந்திநகர் மகாதேவ ஆச்சிரமமும் அவ்வழியில் வந்தவையே.

கடல் கடந்து சென்னைக்குப் போவோமாயின், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930ஆம் ஆண்டு தொடக்கிய ஔவை இல்லத்தைக் காணலாம். தேவதாசி குலத்துப் பெண்பிள்ளைகள் சிலருக்கு விடுதிகளில் இடங் கிடையாமற்போக, அவர்கள் அந்த அம்மையாரின் கதவைத் தட்டினர். அவர் முதலில் அவர்களைத் தம் சொந்த வீட்டிலே ஏற்றுக்கொண்டார். வீட்டில் தொடங்கிய பின்னரே அது இல்லமாயிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இல்லத்தை வீடு போல அமைக்கும் முறையை ஒரு திட்டமாக்கி உலகெங்கும் பரப்பியது ஒஸ்திரியா நாட்டிலே எழுந்த எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமம். ஹெர்மன் க்மைனர் என்பவர் 1949ஆம் ஆண்டு, தம்மிடமிருந்த 600 ஷிலிங் காசோடு இம்ஸ்ற் என்னும் ஊரிலே இதனைத் தொடக்கினார். மாதம் ஒரு ஷிலிங் தாருங்கள் என்று மக்களைக் கேட்டே கட்டினார். அதன் அடிப்படை நான்கு: ஒரு தாய், உடன்பிறப்புகள், ஒரு வீடு, அவற்றைச் சூழ்ந்த ஒரு கிராமம். ஒரு வீட்டிலே வெவ்வேறு வயதினராகிய சில பிள்ளைகளும் அவர்களோடு நிரந்தரமாக வாழும் ஒரு தாயும் இருப்பர். அண்ணனையும் தங்கையையும் பிரிப்பதில்லை. அந்த வீட்டிலேயே சமையல். அயற் பாடசாலையிலே படிப்பு. இத்திட்டம் 1960களிலே கொரியாவுக்கும் இந்தியாவுக்கும், 1980களின் தொடக்கத்திலே எமது நாட்டுப் பிலியந்தலைக்கும், பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது.

இத்தோடு நிறுத்திவிட்டால் உரை இனிமையாக முடியும். ஆனால் முழு உண்மை சொல்லப்பட்டதாகாது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, ஒஸ்திரியாவிலுள்ள அந்நிறுவனமே நடுங்கத்தக்க செய்தியொன்றை வெளியிட்டது. 1950கள் முதல் 1980கள் வரையான காலத்திலே குறைந்தது எட்டுச் சிறுவரைத் தாபகராகிய க்மைனரே துன்புறுத்தினார் என்ற முறைப்பாடுகள் இருந்தன என்பதும், அவர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது என்பதுமே அச்செய்தி. அவர் 1986ஆம் ஆண்டே இறந்துவிட்டார். உலகம் அவரைப் பிள்ளைகளின் தந்தை என்று போற்றிய காலம் முழுவதும் அப்பிள்ளைகளின் குரல் வெளியே வரவில்லை.

இதனால் வீடு போன்ற அமைப்பே பிழை என்று முடிவுகட்டலாமா? கட்டலாகாது என்பதே எமது எண்ணம். ஒரு தாய், ஒரு வீடு, உடன்பிறப்பு என்னும் தத்துவம் ஒரு மனிதரின் நற்பெயரில் தங்கியிருப்பதன்று. ஆனால் தரும சிந்தையுடையோர் இதிலே கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. வன்னி மக்களுக்கு அதனை விளக்குதல் எளிது. குளத்துக்கு உறுதியான கட்டு வேண்டும். கட்டு மாத்திரம் போதுமா? நீரை அளவாகத் திறந்துவிடத் துருசு வேண்டும். பெருமழையிலே மிகைநீர் பாய வான் வேண்டும். அவை இல்லாத குளம் ஒருநாள் உடைந்து ஊரையே அழிக்கும். இல்லமும் அப்படித்தான். பிள்ளையைக் காக்கும் சுவர் வேண்டும். அதேவேளை, பிள்ளை தன் துன்பத்தை வெளியே சொல்ல ஒரு வழியும், வெளியார் முறையாக வந்து பார்க்க ஒரு வாயிலும் வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர் வந்து விசாரிப்பதை அவமதிப்பாகக் கருதும் இல்லம் நல்ல இல்லமன்று. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கம் ஒவ்வோர் இல்லத்துச் சுவரிலும் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதப்படுதல் வேண்டும். காவியுடுத்தவரானாலும், அங்கியணிந்தவரானாலும், நன்கொடை தரும் செல்வரானாலும், பிள்ளையைக் காக்கும் விதிகள் எல்லோருக்கும் ஒன்றே.

அன்பர்களே! இவற்றையெல்லாம் நெளுக்குளத்திலே நின்று பேசுவதற்குக் காரணம் உண்டு. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து உயிர்தப்பி வந்தோரை ஏற்றுக்கொண்ட மண் இம்மாவட்டம். 1990களில் பூந்தோட்டத்து முகாம்கள் நிறைந்தன. 2009ஆம் ஆண்டிலே முல்லைத்தீவிலிருந்து வந்த மக்களால் வவுனியாவின் பாடசாலைகளே முகாம்களாயின; செட்டிகுளத்து மெனிக் பாமிலே இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தனர். அக்கூட்டத்திலே தாயின் கை நழுவி நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! சிதறிய குடும்பங்களைத் தேடி இணைப்பதற்கென்று அரசினர் தனியான பிரிவொன்றை வவுனியாவிலேயே அமைக்க நேர்ந்தது. அன்று பிள்ளைகள் பலரை இல்லங்கள் ஏற்றன. அவற்றை நடத்தியோருக்கு எமது நன்றி. ஆனால் அதனிலும் பெருந்தொகையான பிள்ளைகளை ஏற்றவர் யார் தெரியுமா? அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் பெரியம்மாமாரும் சித்திமாருமே. தறப்பாளின் கீழே, நிவாரண அரிசியிலே, தம் பிள்ளைகளோடு இறந்த தங்கையின் பிள்ளைகளையும் இருத்தி உணவூட்டிய அவர்களுக்கு எவரும் பெயர்ப்பலகை நாட்டவில்லை.

எமது நாட்டிலே 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின்படி, உறவினர் ஒருவரைத் தகுந்த பாதுகாவலர் என நீதிமன்று ஏற்றுப் பிள்ளையை அவரிடம் ஒப்படைக்க இடமுண்டு. 2009ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்களும் இதனையே வற்புறுத்துகின்றன. வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தலாகாது, உடன்பிறந்தாரைப் பிரித்தலாகாது, இல்லம் இன்றியமையாத இடத்து அது சிறியதாய், குடும்பத்தை ஒத்ததாய் இருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில.

இனி, எமது மன்றம் செய்யக்கூடியன யாவை? எமது சிற்றறிவுக்கு எட்டிய நான்கை மாத்திரம் கூறுவோம்.

முதலாவது, எமது ஊரிலிருந்து ஒரு பிள்ளையை இல்லத்திற் சேர்க்கப்போகின்றனர் என்று கேள்வியுற்றால், "எந்த இல்லம்?" என்று கேட்பதற்கு முன், "ஏன்?" என்று கேட்போம். கொப்பியும் சப்பாத்தும் இல்லாமையா? பஸ் காசு இல்லாமையா? கூரை ஒழுகுகின்றதா? பிறப்புச் சான்றிதழ் இல்லாமையா? இவற்றிற் பல, இளைஞர் பத்துப்பேர் கூடினால் ஒரு கிழமையிலே தீர்க்கக்கூடியவை. எம்மால் இயலாதவற்றைக் கிராம உத்தியோகத்தருக்கும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவிப்போம். வீட்டிலே பிள்ளைக்குத் தீங்கு நேர்கின்றதாயின் அது வேறு காரியம். அங்கே தாமதித்தல் பாவம்.

இரண்டாவது, எமது பாட்டிமார் நன்கறிந்த பிடியரிசியை மீண்டும் தொடக்குவோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைப்பதால் எவ்வீட்டிலும் பசி உண்டாகாது. ஒஸ்திரியாவிலே மாதம் ஒரு ஷிலிங் பெற்ற பயன் நெற்களஞ்சியமாகிய வன்னியிலே ஒரு பிடி அரிசிக்கு இல்லாமற் போகுமா? மாத முடிவிலே சேர்ந்த அரிசி, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதிய அம்மம்மாவின் வீட்டுக்கு, ஆரவாரமின்றி, புகைப்படமின்றிச் செல்லட்டும்.

மூன்றாவது, இல்லங்களுக்குக் கொடுக்கும்போது, அங்கே பிள்ளைகளோடு இரவும் பகலும் வாழும் தாய்மாரை நினைத்துக் கொடுப்போம். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லிலே எமது பெயர் பொறிக்கப்படும். தாயாக இருப்பவளின் சம்பளத்துக்குக் கொடுத்தால் எங்கும் பொறிக்கப்படாது. ஆயினும் அவள் நிலைத்து நின்றாலன்றி இல்லம் வீடாகாது. போதிய ஊதியமும், ஓய்வுநாளும், முதுமைக்கு ஒரு பாதுகாப்பும் இருந்தால் அவள் நிலைப்பாள். பம்பைமடுவிலே நான்கு ஆண்டு படித்துவிட்டுப் போகும் எம்மைப் போன்ற மாணவர், பிள்ளைகளிடம் அண்ணா, அக்கா என்று உறவு கொண்டாடிவிட்டு ஒருநாள் மறைந்துவிடுதல் அவர்களுக்கு இன்னொரு பிரிவாகும். ஆகையால் நாம் செய்யத்தக்கது அந்தத் தாய்க்குத் துணை நிற்பதே. சனிக்கிழமைகளிலே கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்து, அவளது சுமையிற் சிறிதைக் குறைப்போம்.

நான்காவது, பதினெட்டு வயதானோரை மறவாதிருப்போம். அவ்வயது வந்ததும் இல்லத்தின் பொறுப்பு பெரும்பாலும் முடிகின்றது. பெட்டியோடு வாயிலைக் கடக்கும் அந்த இளைஞனுக்குத் தைப்பொங்கலன்று போக எந்த வீடு? அந்தப் பெண்ணைக் கேட்டு வருவோர் யாரிடம் வந்து கேட்பர்? முதற்பிள்ளை பிறந்தால் மருந்துச்சரக்கு அரைத்துக் கொடுக்க யார்? வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நற்சாட்சி சொல்ல யார்? இவற்றுக்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. ஒரு குடும்பம் ஒரு பிள்ளைக்கு, அதிகாரிகளின் அனுமதியோடும் இல்லத்தாரின் அறிவோடும், "பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வா" என்று சொல்லி, அதனை ஆண்டுதோறும் தவறாது சொல்லிவருமாயின் போதுமானது. ஓராண்டு சொல்லி மறுவாண்டு மறப்பவர் சொல்லாமலிருத்தலே நன்று.

பெரியோர்களே! நினைவுநாளிலே பாயசம் கொடுப்பதை நிறுத்துமாறு நாம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாயசம் விருப்பமானது, அவர்கள் உண்ணட்டும். மறைந்த உம் தாயின் பெயரால் ஒருநாள் உணவு கொடுப்பவர், அவர் உமக்கு ஒருநாள் மாத்திரமா உணவு தந்தார் என்று எண்ணிப் பார்க்கும்படியே கேட்கின்றோம். அவர் அன்றாடம் இருந்தார். அந்த அன்றாடத்தை எமது ஊரிலுள்ள ஒரு பிள்ளைக்காவது, அதன் சொந்தத் தாயின் மூலமோ, அம்மம்மாவின் மூலமோ, இல்லத்தில் நிலைத்து வாழும் ஒரு வளர்ப்புத் தாயின் மூலமோ கிடைக்கச் செய்வோமாயின், எமது மன்றம் இவ்வாண்டு செய்த பணி வீண்போகாது.